பழைய கைத்துப்பாக்கியை வாங்கலாமா: அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கியைத் தேடுபவர்கள், புதியதின் விலை ஐந்நூறு அறுநூறு டாலர் என்று கேட்டதும், கடையில் பழைய துப்பாக்கிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் நகர்கிறார்கள். அப்படி வாங்க வந்த பலருடன் நான் கடைக்கும் சுடுதளத்துக்கும் போயிருக்கிறேன். ஏறத்தாழ எல்லோரும் ஒரே வரிசையில்தான் பார்க்கிறார்கள். முதலில் விலைச்சீட்டு, அடுத்து வெளிப்பூச்சின் பளபளப்பு, பிறகு கையில் பிடிக்கும் சுகம். வரிசை எண்ணைக் கடைசியாகப் பார்ப்பார்கள், அல்லது பார்க்கவே மாட்டார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். காசு செலவில்லாமல் ஒரு துப்பாக்கியை நிராகரிக்க உதவும் சோதனைகள் முதலில் வர வேண்டும். பணமும் தோட்டாவும் நேரமும் கேட்கும் சோதனைகள் பின்னால் வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே அமைந்துள்ளன. ஒரு படியில் தோற்ற துப்பாக்கியை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

1. முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் தகுதியை

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்பதால், விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்குரைஞரிடம் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். சுடுதளத்தில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரக்கூடும்.

குடிமக்களும் கிரீன் கார்டு பெற்றவர்களும், வேறு தடை ஏதும் இல்லையென்றால், வாங்கலாம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். விசாவில் உள்ள நண்பருக்காகக் கிரீன் கார்டு உள்ளவர் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பதை உதவி என்று நினைத்துவிடாதீர்கள். அது இருவரையும் சிறைக்கு அனுப்பக்கூடிய கூட்டாட்சிக் குற்றம்.

மாநிலச் சட்டத்தையும் இப்போதே பாருங்கள். இல்லினாய்ஸில் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி வாங்கும் அனுமதி வேண்டும். கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு உண்டு. மேலும் கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஆகியவற்றில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கு (தோட்டா நிரப்பும் பெட்டி) அனுமதி இல்லை. இணையத்தில் மலிவாகத் தெரியும் பழைய துப்பாக்கி பதினைந்து தோட்டா மேகசின்களுடன் வந்தால், உங்கள் மாநிலத்தில் அவை பயனற்றவை மட்டுமல்ல, ஆபத்தும் கூட.

2. எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுதி வையுங்கள்

நம்பகத்தன்மை எல்லோருக்கும் ஒரே அளவுகோல் அல்ல. சனிக்கிழமைகளில் காகித இலக்கைச் சுடுவதற்கு மட்டும் என்றால், நூறு தோட்டாவுக்கு ஒரு முறை சிக்குவது எரிச்சலூட்டும் குறை, அவ்வளவுதான். வீட்டுப் பாதுகாப்புக்கோ இடுப்பில் அணிவதற்கோ என்றால் அதே குறை ஏற்கத் தகாதது. எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடையில் அழகான துப்பாக்கி ஒன்றைக் கண்டதும், பாதுகாப்புக்காகத் தேடி வந்தவர் "பழகுவதற்குத்தானே" என்று தன் அளவுகோலைத் தானே தாழ்த்திக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

3. கையோடு கொண்டுபோக வேண்டியவை

சிறிய டார்ச் விளக்கு, பாதுகாப்புக் கண்ணாடி, அந்தக் காலிபருக்கான (குழலின் உள்விட்ட அளவு) வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாக்கள் நான்கைந்து, ஒரு துணி. தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் கையேட்டையும் முன்கூட்டியே படித்திருங்கள். உயிர்த் தோட்டா எதையும் கடைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கையேட்டைப் படிக்காமல் போகிறவர்கள் கடைக்காரர் கழற்றிக் காட்டுவதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வருவார்கள். எந்தப் பாகம் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே எது இல்லை என்பது கண்ணில் படும்.

4. வரிசை எண்ணையும் திரும்பப்பெறும் அறிவிப்புகளையும் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு காசும் செலவில்லை. மிக மோசமான துப்பாக்கிகளை வடிகட்டுவதும் இதுதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கார், குழந்தைத் தொட்டில், மின்சாதனம் போன்றவற்றில் குறை தெரிந்தால் திரும்பப்பெற உத்தரவிட அரசு அமைப்புகள் உண்டு. துப்பாக்கிக்கு அப்படி ஒன்று இல்லை. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து துப்பாக்கிகளை 1970களிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் விலக்கிவிட்டது. ஆகவே துப்பாக்கித் திரும்பப்பெறல்கள் அனைத்தும் தயாரிப்பாளர் தாமாக அறிவிப்பவையே. அரசின் ஒரே பட்டியலில் தேடிவிட்டு நிம்மதியாக இருக்க வழியில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரின் தளத்திலும் வரிசை எண்ணை இட்டுத் தேட வேண்டும், ஐயம் இருந்தால் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

பழைய சரக்கில் இன்றும் எதிர்ப்படக்கூடிய சில அறிவிப்புகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரூகர் எல்சிபி, எஸ்ஆர்9 ஆகியவை 2008இல் திரும்பப்பெறப்பட்டன. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 2013 ஆகஸ்ட் 19க்கு முன் தயாரான எம்&பி ஷீல்டுகளின் டிரிகரைச் சோதிக்கும்படி அறிவித்தது. அதே ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி தன் எக்ஸ்டி-எஸ் துப்பாக்கிகளைத் திரும்பப்பெற்றது. ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு ஈஇசட் 9 எம்எம் வகையில், 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றின் சுத்தியலில் குறை இருந்ததாக அந்த ஆண்டு நவம்பரில் அறிவிப்பு வந்தது. டாரஸ் நிறுவனத்தின் பிடி-111, பிடி-140, பிடி-24/7 உள்ளிட்ட பல பழைய வகைகள், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற வழக்கில் 2010களின் நடுவில் சமரசத்துக்கு உள்ளாயின.

அறிவிப்பு வந்த வகை என்பதாலேயே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. திருத்தப்பட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. திருத்தப்பட்டதற்கான கடிதமோ, தயாரிப்பாளர் சொல்லும் அடையாளக் குறியோ இருந்தால் அந்தத் துப்பாக்கி அடுத்த படிக்குப் போகலாம். விற்பவரின் "அதெல்லாம் முன்பே சரி செய்தாயிற்று" என்ற வாய்மொழியை ஏற்காதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, அவருக்கு முன் இருந்த உரிமையாளர் என்ன செய்தார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வரிசை எண்ணைப் பார்க்கும்போதே மற்றொன்றையும் கவனியுங்கள். கிளாக் நிறுவனத்தின் துப்பாக்கிகளில் சட்டகத்தின் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) உலோகத் தகடு, ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்), குழல் ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருக்கும். எண்கள் பொருந்தாவிட்டால் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. அது தவறல்ல என்றாலும், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். எண் சுரண்டப்பட்டோ அழிக்கப்பட்டோ இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அதை வைத்திருப்பதே குற்றம்.

5. சிக் சாயர் பி320 பற்றித் தனியாக

பழைய சந்தையில் புதியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது என்பதால் தனியாக எழுதுகிறேன். பி320இன் ஒரு வடிவத்தை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் துப்பாக்கி வெடிக்கக்கூடும் என்பது வெளியே சோதித்தவர்களால் காட்டப்பட்டு, ஆகஸ்டில் நிறுவனம் விருப்பத்தின் பேரிலான மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. டிரிகர், ஸ்டிரைக்கர் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) முதலிய பாகங்கள் அதில் மாற்றப்பட்டன. விருப்பத்தின் பேரில் என்பதால், அனுப்பப்படாமலே கைமாறிய பழைய பி320கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. மேம்படுத்தப்படாத ஒன்றைத் தோட்டா இட்டு அணியவே கூடாது.

அதன் பின்னும், யாரும் டிரிகரை இழுக்காமலே வெடித்ததாகக் கூறும் பல வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2024இல் ஜார்ஜியாவிலும் பென்சில்வேனியாவிலும் ஜூரிகள் காயமடைந்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். நிறுவனமோ குறை ஏதும் இல்லை என்று தொடர்ந்து மறுக்கிறது. வேறு சில வழக்குகள் தள்ளுபடியும் ஆகியிருக்கின்றன. பொறியியல் உண்மையை நான் இங்கே தீர்த்துவைக்க முடியாது. வாங்குபவரின் கேள்வி அதைவிட எளியது. அதே விலையில், அதே அளவில், இப்படிப்பட்ட ஐயம் இல்லாத துப்பாக்கிகள் பக்கத்துப் பெட்டியிலேயே இருக்கும்போது, இடுப்பில் அணியப் போகும் முதல் துப்பாக்கியாகப் பழைய பி320ஐ வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. பி320இல் வரிசை எண் உள்ளே இருக்கும் டிரிகர் தொகுதியில்தான் இருக்கிறது. கைப்பிடியும் ஸ்லைடும் குழலும் தாராளமாக மாற்றக்கூடியவை. ஆகவே எண் சரியாக இருப்பது மற்றப் பாகங்களின் வயதையோ பழக்கத்தையோ சொல்லாது.

6. மேகசினும் உதிரிப் பாகமும் கிடைக்குமா

ஸ்பிரிங்குகளும் மேகசின்களும் தேயும் பாகங்கள். அவை கிடைக்காத துப்பாக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பகமானதாக நீடிக்காது. ரெமிங்டன் ஆர்51 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2014இல் வந்தது, அந்த ஆண்டே திரும்பப்பெறப்பட்டது, பின்னர் மீண்டும் வந்தது. 2018இலும் 2020இலும் நிறுவனமே திவால் மனு தாக்கல் செய்தது. இப்படிப்பட்ட துப்பாக்கி மலிவாகக் கிடைப்பதில் வியப்பில்லை.

மலிவு என்றாலே குறை என்றும் நினைக்க வேண்டாம். காவல் துறைகள் கழித்த .40 காலிபர் கிளாக் 22 வகைத் துப்பாக்கிகள் சந்தையில் குவிந்து கிடப்பது, எஃப்பிஐ 9 எம்எம்முக்குத் திரும்பியதைத் தொடர்ந்து பல துறைகளும் மாறியதால். காவலரின் உறையில் பல ஆண்டுகள் தேய்ந்து, வெளியே வெளுத்துப்போய், உள்ளே ஆண்டுக்கு ஓரிரு தகுதித் தேர்வுகளில் மட்டும் சுடப்பட்ட துப்பாக்கிகள் அவற்றில் நிறைய. வெளித்தோற்றத்தைப் பார்த்து இவற்றை ஒதுக்கிவிட்டு, பளபளப்பான தனியார் துப்பாக்கியை வாங்குவது தொடக்கக்காரர்களின் நிலையான தவறு. இவற்றில் இருளில் ஒளிரும் டிரிட்டியம் பார்வைக் குறிகள் இருந்தால் அதைக் கூடுதல் மதிப்பாகக் கணக்கிடாதீர்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். பழைய குறிகள் பாதிக்கும் கீழ் ஒளியில்தான் இருக்கும்.

7. கடையில் கையில் எடுத்துச் சோதியுங்கள்

முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகுதான் ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பூட்டுங்கள். வரிசை மாறினால் மேகசினிலுள்ள தோட்டா அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஏறிவிடும். அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்தார் என்றாலும் நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், மதிப்பார். குழல்முனை யாரையும் நோக்காமல் இருக்கட்டும். தோட்டா இல்லாமல் விசையை (டிரிகரை) இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். .22 போன்ற, ஊசி தோட்டாவின் அடிவிளிம்பில் அடிக்கும் விளிம்புத் தீக் காலிபர்களில் அது ஊசியையும் அறையின் விளிம்பையும் கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றில் தவிருங்கள்.

முதல் சோதனை, பின்னே போன ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்குக்கு. காலியான துப்பாக்கியின் முனையை மேல்நோக்கிப் பிடித்து, விசையை இழுத்து அப்படியே அழுத்தியபடி, ஸ்லைடை முழுதும் பின்னே இழுத்து மெதுவாக முன்னே விடுங்கள். ஸ்லைடு தானாக முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கிளாக் வகைகளுக்கு இது நன்கு பொருந்தும். ஸ்பிரிங் தளர்ச்சி துப்பாக்கியை நிராகரிக்கக் காரணம் அல்ல. இருபது டாலருக்குள் சரியாகும் குறை. ஆனால் அது வேறொன்றைச் சொல்கிறது. "இருநூறு தோட்டாதான் சுட்டேன்" என்று சொல்லும் விற்பனையாளரின் துப்பாக்கியில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

அடுத்து விசை. இழுத்து, பிடித்தபடி ஸ்லைடை ஒரு முறை இயக்கி, விரலை மெதுவாகத் தளர்த்துங்கள். மறுபடி தயாராகும் சொடுக்கு தெளிவாகக் கேட்க வேண்டும். பின்பு, ஸ்லைடைச் சுமார் கால் அங்குலம் பின்னே தள்ளிப் பிடித்து விசையை இழுங்கள். எதுவும் விடுபடக் கூடாது. ஸ்லைடு முழுதும் மூடாதபோது துப்பாக்கி சுடாமல் தடுக்கும் அமைப்பைச் சோதிப்பதே இது.

கைப் பாதுகாப்புப் பூட்டு உள்ள துப்பாக்கியென்றால், பூட்டைப் போட்டு விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். பின் பூட்டை எடுங்கள். எடுக்கும் கணத்தில் சுத்தியல் விழுந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. 1911 வகையில் சுத்தியலை ஏற்றிய நிலையில் கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பாருங்கள், விழவே கூடாது. இந்தச் சோதனைகளில் ஒன்று தவறினாலும் பேரம் பேசாதீர்கள். மற்றக் குறைகள் துப்பாக்கி சுடாமல் போவதைப் பற்றியவை. இவை சுடக் கூடாத நேரத்தில் சுடுவதைப் பற்றியவை.

கடைசியாக டம்மி தோட்டாக்களை மேகசினில் இட்டுக் கையால் இயக்குங்கள். ஒவ்வொன்றும் தங்குதடையின்றி ஏறி, வெளியேற வேண்டும். காலி மேகசினில் ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மேகசின் தன் எடையிலேயே விழ வேண்டும். ஐரோப்பிய வடிவங்கள் சிலவற்றில் மேகசின் தானாக விழாதபடியே அமைத்திருப்பார்கள் என்பதால், கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. கழற்றிப் பாருங்கள்

கழற்ற அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். குழலின் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கும்போது தொடக்கக்காரர்கள் பளபளப்பைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது நிழல் வளையம். போதிய வேகமின்றி உள்ளேயே நின்றுபோன ஒரு குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டுவிட்டால் குழல் அந்த இடத்தில் உப்பும். உள்ளே கருநிற வளையமாகத் தெரியும். அந்தக் குழல் கழிவுதான். அழுக்கும் செப்புப் படிவும் கழுவினால் போய்விடும், அவற்றுக்காக அஞ்ச வேண்டாம்.

பிறகு காலிக் கூட்டை அறையிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை உடைந்திருக்கிறதா, ஸ்லைடின் முகப்பில் ஊசித் துளையைச் சுற்றி அரிப்பு இருக்கிறதா, சட்டகத்தின் தண்டவாளங்களிலும் ஸ்லைடின் ஓரங்களிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரெட்டா 92 என்றால், குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டுக் கட்டையின் இறக்கைகளை உன்னிப்பாகப் பாருங்கள். அந்த வடிவத்தில் தேய்ந்து விரிசல் விடுவது அதுதான். தோட்டா ஏறும் சரிவில் அரத்தாலோ சுழல் கருவியாலோ தேய்த்த தடம் இருந்தால், யாரோ ஒருவர் தோட்டா ஏறாத கோளாறை வீட்டில் சரி செய்யப் பார்த்திருக்கிறார். கோளாறு இருந்தது, அதைத் தவறான இடத்தில் தேடினார் என்று இரண்டு செய்திகள் அதில் இருக்கின்றன.

9. மாற்றியமைத்த துப்பாக்கிகளைத் தவிருங்கள்

வெளிச்சந்தை டிரிகர், எடை குறைந்த ஸ்டிரைக்கர் ஸ்பிரிங், துளையிட்ட ஸ்லைடு, சூடு வைத்துச் சொரசொரப்பாக்கிய கைப்பிடி ஆகியவற்றைப் பட்டியலிட்டு விற்பவர் கூடுதல் விலை கேட்பார். உங்கள் கணக்கில் இவை விலையைக் குறைக்க வேண்டியவை. தொழிற்சாலையில் ஸ்பிரிங்குகளின் எடை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. விசையை இலகுவாக்க ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கைக் குறைத்தால், கடினமான பிரைமர் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் தீப்பற்றும் பாகம்) உள்ள தோட்டாவில் அடி போதாமல் போகும். விற்பவருக்குப் பிடித்த ஒரே வகைத் தோட்டாவில் அது நன்றாக ஓடியிருக்கலாம். உங்கள் தோட்டாவில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. பழைய தொழிற்சாலைப் பாகங்கள் பையில் இட்டு உடன் கொடுக்கப்பட்டால், அவற்றை மீண்டும் பொருத்திய பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

10. உண்மை விலையைக் கணக்கிடுங்கள்

கேட்கும் விலையை ஒரு தாளில் எழுதி, கீழே சேர்க்க வேண்டியவற்றை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கடையில் 550 டாலருக்குப் புதியது கிடைக்கும் 9 எம்எம் துப்பாக்கி, தனியாரிடம் ஒரே ஒரு மேகசினுடன் 400 டாலருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 20, இரண்டு தொழிற்சாலை மேகசின்கள் 60, விற்பனையாளர் வழியாகப் பெயர் மாற்றக் கட்டணம் 40. ஆக 520. மிச்சம் முப்பது டாலர். அதற்காகத் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தைக் கைவிடுகிறீர்கள். இது பயனுள்ள பேரம் அல்ல. தேவையான எல்லாவற்றையும் சேர்த்த பின்னும் நூறு டாலருக்கு மேல் மிச்சப்படவில்லையென்றால் புதியதையே வாங்குங்கள் என்பது என் கருத்து.

சோதனைத் தோட்டாக்களின் செலவைப் பழையதின் கணக்கில் மட்டும் ஏற்றாதீர்கள். புதியதையும் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் காலிபரின் விலை வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன .40 கிளாக் மலிவுதான். ஆனால் ஐம்பது தோட்டாப் பெட்டிக்கு 9 எம்எம்மைவிட ஆறு டாலர் அதிகம் கொடுத்து, ஆண்டுக்கு ஆயிரம் தோட்டா சுடுபவர், ஓர் ஆண்டிலேயே 120 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

தனியார் விற்பனையில், உங்கள் மாநிலம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகவே பெயர் மாற்றுங்கள். வேறு மாநிலத்தவரிடம் வாங்கினால் அது கட்டாயமே. பணம் கொடுப்பதற்கு முன் சுடுதளத்தில் சந்திக்க விற்பவர் இசைந்தால், பாதி ஐயம் அங்கேயே தீரும். கடையில் வாங்கினால், எத்தனை நாளுக்குள், எந்தக் குறைக்குத் திருப்பி எடுப்பார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

11. சுட்டுச் சோதியுங்கள்

முதலில் துடைத்து எண்ணெய் இட்டு, புதிய ரீகாயில் ஸ்பிரிங் பொருத்துங்கள். பழைய ஸ்பிரிங்குடன் சோதித்தால், வரும் கோளாறு ஸ்பிரிங்கினுடையதா துப்பாக்கியினுடையதா என்று பிரித்தறிய முடியாது. மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். இந்தச் சிறிய வேலையைச் செய்யாதவர்கள் பின்னால் மிகுந்த பணம் இழக்கிறார்கள், ஏனெனில் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் தோட்டா ஏறாத கோளாறுகளுக்கு முதலில் ஐயப்பட வேண்டியது மேகசினைத்தான். எண் இல்லாவிட்டால் எந்த மேகசின் குற்றவாளி என்று தெரியாது. நல்ல துப்பாக்கியையே பழுதுபார்க்க அனுப்பிவிடுவார்கள்.

தொழிற்சாலையில் செய்த, பித்தளைக் கூடுள்ள பயிற்சித் தோட்டாக்கள் இருநூறு. பாதுகாப்புக்கு வைத்திருக்கப் போகும் குழிமுனைத் தோட்டாக்கள் ஐம்பது. 9 எம்எம் என்றால் பயிற்சித் தோட்டாவில் 115 கிரெய்னும் 124 கிரெய்னும் (குண்டின் எடை அளவு) கலந்து வாங்குங்கள். வீட்டில் மறுநிரப்பு செய்த தோட்டாக்களை யார் இலவசமாகக் கொடுத்தாலும் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். கோளாறு வந்தால் எதைக் குறை சொல்வது என்று தெரியாமல் போகும். குழிமுனைத் தோட்டாவின் விலையைப் பார்த்து அதைச் சோதிக்காமல் விடுபவர்கள் பலர். அதன் முனை வடிவம் வேறு என்பதால், உருண்டை முனை ஏறும் துப்பாக்கியில் அது ஏறாமல் போகலாம். அணியப் போவதைத்தான் முதன்மையாகச் சோதிக்க வேண்டும்.

எல்லா மேகசின்களையும் சுழற்சி முறையில் பயன்படுத்துங்கள். முழுதும் நிரப்பியும் சுடுங்கள், இரண்டே தோட்டா இட்டும் சுடுங்கள். முழு மேகசினில் முதல் தோட்டா அழுத்தம் மிகுந்து சிக்கும். கடைசித் தோட்டா மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் சிக்கும். ஐம்பதுக்குப் பிறகு ஒரு கையால் சிலவும், மறு கையால் சிலவும் சுடுங்கள்.

ஒவ்வொரு கோளாறையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், எந்தத் தோட்டா வகை, என்ன நடந்தது என்ற நான்கும் வேண்டும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், முனையை இலக்கை நோக்கியே அரை நிமிடமாவது வைத்திருந்து பிறகு கழற்றுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் அரிதாக உண்டு. வழக்கத்தைவிட மெல்லிய ஓசை கேட்டால் உடனே நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் குண்டு நின்றிருக்கிறதா என்று பாருங்கள். எட்டாம் படியில் சொன்ன வளையம் இப்படி நிறுத்தாதவர்களால்தான் உண்டாகிறது.

12. கோளாறுகளைப் படித்து முடிவெடுங்கள்

ஒரே மேகசினில் மட்டும் தோட்டா ஏறாமல் நின்றால் அந்த மேகசினைத் தூக்கி எறியுங்கள், துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். காலிக் கூடு வெளியேறும் வாயிலில் செங்குத்தாகச் சிக்கினால், முதலில் கையைப் பாருங்கள். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு பின்னே போவதற்குப் போதிய எதிர்ப்பு கிடைக்காது. எடை குறைந்த பாலிமர் துப்பாக்கிகளில் இது அதிகம். அனுபவமுள்ள ஒருவரிடம் அதே மேகசினையும் அதே தோட்டாவையும் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவருக்கு ஓடினால் தேவைப்படுவது பயிற்சி. அவருக்கும் சிக்கினால் எக்ஸ்ட்ராக்டரையோ, கூட்டை வெளியே தட்டும் எஜெக்டரையோ பார்க்க வேண்டும்.

கூடு அறையிலேயே தங்கிவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் மீது ஐயம். ஸ்லைடு முழுதும் மூடாமல் நின்றால் அழுக்கு, ஸ்பிரிங், அறை என்ற வரிசையில் பாருங்கள். பிரைமரில் ஆழமில்லாத குழி மட்டும் விழுந்து வெடிக்காமல் போனால் ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கையும், அது ஓடும் குழாயில் சேர்ந்திருக்கும் எண்ணெய் அழுக்கையும் பாருங்கள். அங்கே எண்ணெய் இடக்கூடாது என்று பல கையேடுகள் சொல்வதைப் படிக்காதவர்கள் நன்றாக ஊற்றி வைத்திருப்பார்கள்.

காரணம் தெரிந்து, பாகத்தை மாற்றிய பிறகு, எண்ணிக்கையைச் சுழியத்திலிருந்து தொடங்குங்கள். மீண்டும் இருநூறும் ஐம்பதும் தடையின்றி ஓட வேண்டும். முதல் சுற்றில் நூற்றைம்பது நன்றாகப் போயிற்று, மிச்சம் ஐம்பது சுட்டால் போதும் என்று கூட்டிக்கொள்வது ஏமாற்றமே தரும். மாற்றிய பாகம் அந்த நூற்றைம்பதில் இல்லை. இரண்டாம் முறையும் அதே கோளாறு வந்தால், பாதுகாப்புக்கு வாங்கிய துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்ப முடியாவிட்டால் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். காரணமே தெரியாமல் தானாக நின்றுபோன கோளாறை நான் நின்றதாகக் கணக்கில் கொள்வதில்லை. அப்படிப்பட்ட துப்பாக்கியை வேறொருவருக்கு விற்க நேர்ந்தால், நீங்கள் எழுதி வைத்த கோளாறுத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் அதே வரிசையில் சோதிக்கத் தெரியாதவராக இருக்கலாம்.